ஈறு மூடுவதற்குள்

அத்தியாயம் 17

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். பெய்யாவின் காலம் சரியாக ஒரு வருஷம் கழித்து, நோன்பு முப்பதாம் நாள் காலை பத்தரை மணிக்கு வந்தது. அதுவும் சொந்தப் புருஷன் வாய் வழியாகவே வந்தது.

"அண்ணன் போன் பண்ணினார். அண்ணிக்குப் போட்ட கேப் எட்டும் உட்காரலையாம்" என்று நெஜிப் லேப் வாசலில் நின்று சொன்னானே, அந்த இடத்தில்தான் போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

பெய்யா கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"எட்டுமா?"

"நாலு ஆடுதாம். ரெண்டு உள்ளயே போகமாட்டேங்குதாம்."

"மீதி ரெண்டு?"

"போச்சாம். ஆனா விளிம்புல நாக்கு பட்டா வெட்டுதாம்."

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அவளே மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். வெறும் வயிற்றில், நோன்பு நாக்கில், ஒரு வாய் சர்பத் குடித்த மாதிரி இருந்தது.

மொக்தார், நெஜிப்பின் அண்ணன். ஸ்ஃபாக்ஸ் நகரில் பல் டாக்டர் என்றால் அவர்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். கிரெம்தா ரோட்டில் கண்ணாடி மாளிகை மாதிரி கிளினிக். எல்லை தாண்டி லிபியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வாய் திறப்பார்கள். பெய்யாவின் பல் லேப் ஐன் ரோட்டில், மூன்றாவது கிலோமீட்டரில், மாவு மில்லுக்குப் பின்னால் இருந்தது. டாக்டர் வாய்க்குள் அளவெடுத்து அனுப்புவார், சீவிய பல்லின்மேல் மாட்டும் கேப்பை இவள் செராமிக்கில் செய்வாள். நெஜிப் சூளையையும் கணினியையும் பார்த்துக்கொள்வான்.

போன வருஷம் இதே நோன்பு மாதத்தில்தான் அவள் பெயர் நாறியது. லிபியாவின் மிஸ்ராத்தாவிலிருந்து வந்த ஹாஜ்ஜா மப்ரூக்கா என்ற வயதான அம்மாளுக்கு மொக்தார் ஸ்கேனரில் அளவெடுத்தார், பெய்யா ஆறு கேப் செய்தாள். ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. அம்மாளுக்கு ஈறு வீங்கிச் சீழ் பிடித்தது. பெருநாள் அன்று, உப்பு மீனும் ஷர்மூலா என்ற வெங்காயத் தொக்கும் பரப்பிய மேஜையைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருக்க, மொக்தார் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஸ்கேனர்ல தப்பு வராது. லேப்லதான் தப்பு. கை நடுங்குறவங்ககிட்ட வேலையைக் கொடுத்தேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும்."

அவர் மனைவி தொர்ரா, பெய்யாவின் மூத்த ஓரகத்தி, வெங்காயத் தொக்கை வழித்தபடி கூடச் சேர்ந்தாள். "கவலைப்படாதே பெய்யா. பீங்கான் வேலை டைல்ஸ் கடையிலயும் கிடைக்கும்."

மேஜையே சிரித்தது. நெஜிப் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டே மாதத்தில் ஆறு டாக்டர்கள் பெய்யாவுக்கு வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருக்கிறாள்.

"இப்ப என்னவாம்?" என்றாள்.

"பெருநாள் மறுநாள் அண்ணன் பொண்ணு ஒல்ஃபாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. அண்ணி வாயில பிளாஸ்டிக் பல்லோட நிக்கறாங்க. தலைநகர்ல செஞ்ச அந்த லேப்காரன் பெருநாள் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் கடை திறப்பானாம். அண்ணன் ஃபைல் அனுப்பியிருக்கார். நீ ஒரு பார்வை பார்த்து..."

"பார்த்துட்டாப் போச்சு."

திரையில் தொர்ராவின் மேல் வரிசை வந்து நின்றது. சீவிய எட்டுப் பற்கள் வரிசையாக நின்றன. பெய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

பல்லைச் சீவும்போது அதன் விளிம்பு ஈறுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய நூலைத் திணித்து எட்டு நிமிஷம் விட்டால் ஈறு விலகும். பிறகு கழுவித் துடைத்துவிட்டு ஸ்கேனரைக் காட்டினால் அச்சு அசலாகப் பதியும். ஸ்கேனருக்குக் கண் உண்டு, ஈறைத் தூக்கிப் பார்க்கக் கை கிடையாது. ரத்தமும் ஈறும் மறைத்த இடம் திரையில் ஓட்டையாக விழும். அந்த ஓட்டையை மூட ஒரு பட்டனும் இருக்கிறது. அழுத்தினால் கணினி தன் இஷ்டத்துக்கு ஒரு விளிம்பை வரைந்து மூடிவிடும். அப்படி மூடிய கற்பனைப் பல்லுக்குக் கேப் கச்சிதமாகப் பொருந்தும். நிஜப் பல் அதை ஏற்றுக்கொள்ளாது. ஒரு தலைமுடி கனம் இடைவெளி கூடினால் போதும், சிமென்ட் கரையும், பல் சொத்தையாகும்.

"நூல் வைக்கவே இல்ல" என்றாள் பெய்யா. "கழுவவும் இல்ல. அஞ்சு பல்லுல விளிம்பே பதியல."

"அண்ணி நோன்பு வெச்சிருந்தாங்களாம். வாயில தண்ணி படக்கூடாதுன்னு..."

"அஞ்சு வேளை தொழுகைக்கு ஒளு செய்யறப்போ வாய் கொப்பளிச்சுத் துப்பறாங்களே, அது என்ன எண்ணெயா? இதைப் பொண்டாட்டிகிட்ட எடுத்துச் சொல்ல வாய் வரல உங்க அண்ணனுக்கு. போன வருஷம் ஹாஜ்ஜாகிட்டயும் வரல. நோன்புக்காரங்க மனசு கோணக்கூடாதுன்னு அவங்க பல்லைக் கோணலாக்கினார்."

நெஜிப் நெற்றியைத் துடைத்தான். "பழசை ஏன் கிளறணும், பெய்யா. நாளைக்குப் பெருநாள்."

"நான்தான் செய்யணும்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, அளவு இங்க, என் லேப்ல, என் கண் முன்னால எடுக்கணும். ரெண்டாவது, நாளைக்கு அதே மேஜையில, அதே இருபது பேர் முன்னால, போன வருஷம் தப்பு யாரோடதுன்னு அவர் வாயால சொல்லணும். போன் போட்டுச் சொல்லுங்க."

"பெய்யா, கோவத்துல நீ ஏதாவது தப்பா செஞ்சு கொடுத்துட்டா..."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தப்பா செஞ்சா அவர் சொன்னது நெஜமாயிடும். எட்டும் கல்லுல செதுக்கின மாதிரி உட்காரணும், நெஜிப். அந்த அம்மா ஒவ்வொரு தடவை சிரிக்கறப்பவும் என் வேலை தெரியணும். அதைவிடப் பெரிய பழி எனக்குத் தெரியல."

நெஜிப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்து நின்றது. முதலில் மொக்தார் இறங்கினார், ஸ்கேனர் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு. பின்னால் தொர்ரா, துப்பட்டாவால் வாயைப் பொத்தியபடி வந்தாள். ஊரே பார்க்கிறது என்று நினைப்பு. ஐன் ரோட்டில் பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் யார் யாரைப் பார்க்கிறார்கள், எல்லோரும் வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மச்சான். வாங்கக்கா" என்றாள் பெய்யா. "டைல்ஸ் கடைக்கு வழி தெரிஞ்சுதா?"

தொர்ரா துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நீ குத்திக் காட்டறதுக்கு இது நேரமில்ல, பெய்யா" என்றார் மொக்தார். "ரெண்டாவது நிபந்தனையை நெஜிப் சொன்னான். செய்யறேன். மேஜையில சொல்றேன். முதல்ல வேலையைப் பார்ப்போம்."

"எப்படிச் சொல்வீங்க?"

"ஏதோ சொல்றேன். அளவுல கொஞ்சம் குறை இருந்துச்சுன்னு..."

"கொஞ்சம் இல்ல மச்சான். உட்காருங்கக்கா."

லேப்பில் பல்லின் நிறம் பார்க்க ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. தொர்ரா அதில் சாய்ந்தாள். மொக்தார் ஊசி போட்டு ஈறை மரக்க வைத்தார், பிளாஸ்டிக் பற்களைக் கழற்றினார். ஊரில் மூணு கல்யாணத்துக்குத் தலைமை தாங்குகிற தொர்ராவின் வாயில் எட்டுக் குச்சிகள் மட்டும் நின்றன. பெய்யா பிளாஸ்டிக் பற்களை ஒரு தட்டில் வாங்கித் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"இப்ப கொப்பளிங்க" என்றாள்.

"நோன்பு..." என்றாள் தொர்ரா. மரத்த உதட்டில் அது 'நோம்வு' என்று வந்தது.

"விழுங்காம துப்புங்க. ஒண்ணும் ஆகாது. உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

மொக்தார் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். தொர்ரா கொப்பளித்துத் துப்பினாள். பிறகு ஒவ்வொரு பல்லாக நூலைத் திணிக்க ஆரம்பித்தார் மொக்தார். கை கெட்டிக்காரக் கைதான், அதை யாரும் மறுக்க முடியாது. எட்டாவது பல் முடிந்ததும் பெய்யா சமையல் கடிகாரத்தைத் திருகி வைத்தாள்.

"எட்டு நிமிஷம்" என்றாள். "அதுக்கு முன்னால எடுத்தா ஈறு விலகியிருக்காது. அதுக்கப்புறம் எடுத்தவுடனே ஸ்கேன் பண்ணணும், இல்லாட்டி ஈறு மூடிக்கும். உங்களுக்குத் தெரியாததா மச்சான். யாரும் எங்கயும் போக முடியாது. அதனால இதைப் பாருங்க."

திரையில் இரண்டு படங்களை அருகருகே திறந்தாள். இரண்டுமே ஹாஜ்ஜா மப்ரூக்காவின் பற்கள். இடது பக்கப் படத்தில் மூன்று பல்லின் அடியில் கறுப்பாக ஓட்டை. வலது பக்கத்தில் ஓட்டையே இல்லை, மழமழவென்று மூடியிருந்தது.

"இது நீங்க முதல்ல அனுப்பினது. விளிம்பு தெரியல, மறுபடி எடுங்கன்னு உங்களுக்குப் போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா?"

"ம்."

"ரெண்டு மணி நேரம் கழிச்சு, அண்ணன் புதுசா அனுப்பிட்டார்னு நெஜிப் இதைத் திறந்து கொடுத்தார். நம்பிச் செஞ்சேன். இன்னிக்குக் காலையிலதான் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தேன். எச்சில் குமிழிகூட அதே இடத்துல இருக்கு. நீங்க மறுபடி எடுக்கவே இல்ல. பழசையே பட்டனை அழுத்தி மூடி அனுப்பிட்டு, என் கை நடுங்குதுன்னு சொன்னீங்க."

மொக்தாரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் மூடல..." என்று ஆரம்பித்தவர், தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பெய்யா, போதும்" என்றான் நெஜிப். "நாளைக்குச் சொல்றேங்கறார் இல்ல."

"நாளைக்குச் சொல்றது குடும்பத்துக்கு. பல்லு போனது யாருக்கு?" அவள் மொக்தாரின் போனை அவர் முன்னால் நகர்த்தினாள். "ஹாஜ்ஜாவைக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. லேப்ல தப்பு இல்லன்னு சொல்லுங்க."

"இது ரெண்டு நிபந்தனையில இல்லையே."

"இல்ல. இது மூணாவது."

"என்ன, மிரட்டறியா?"

"ஆமா மச்சான்."

நெஜிப் எழுந்துவிட்டான். "வேண்டாம் பெய்யா. நோன்பு நாள், ஒரு வயசானவங்களை ஏன் தொந்தரவு பண்ணணும். வேண்டாம்." அண்ணன் பக்கம் பரிந்துகொண்டு வருகிறான் என்றுதான் பெய்யா நினைத்தாள். அந்த நினைப்பு அவள் கோபத்தில் இன்னும் எண்ணெய் ஊற்றியது.

நாற்காலியில் சாய்ந்திருந்த தொர்ரா தலையைத் தூக்கினாள். கடைவாயில் நூல் தொங்கியது, எச்சில் ஒழுகியது. தட்டிலிருந்த தன் பற்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"தொல்லித் தொலைங்க" என்றாள்.

மொக்தார் எண்ணை அழுத்தினார். நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ பிள்ளையை அதட்டுவதும் கேட்டது.

"ஹாஜ்ஜா, நான் டாக்டர் மொக்தார். ஸ்ஃபாக்ஸ்லேர்ந்து."

"கேக்குது, சொல்லுங்க."

"போன வருஷம் உங்க பல் விஷயம். லேப்ல தப்புன்னு உங்ககிட்டச் சொன்னேன். அது சரியில்ல. அளவு எடுத்தது நான். நோன்புன்னு பார்த்து நூல் வைக்கல, கழுவல. விளிம்பு பதியல. லேப்காரி மறுபடி எடுக்கச் சொன்னா, நான் எடுக்கல. என் தப்புதான். மன்னிச்சுக்குங்க."

பெய்யா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வருஷம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது போலிருந்தது. இதற்காக எத்தனை நாள் காத்திருந்தாள், எத்தனை டாக்டர் வாசலில் நின்று திரும்பினாள்.

"அட" என்றாள் ஹாஜ்ஜா. "உங்க வீட்லேர்ந்து மன்னிப்பு கேட்டு வர்ற ரெண்டாவது போன் இது, டாக்டர்."

மொக்தாரின் கை போனை நோக்கி நீண்டது. பெய்யா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க தம்பி போன பெருநாள் முடிஞ்ச வாரமே கூப்பிட்டுட்டான். அழுதுட்டான் பாவம். அண்ணன் கேட்டுக்கிட்டார்னு நான்தான் லேப்ல உக்காந்து அந்த ஓட்டையை மூடினேன், புது அளவு வந்துச்சுன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டேன், அவளுக்குத் தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவா, சொல்லிடாதீங்கம்மான்னான். அந்தப் பொண்ணு பேரைச் சபையில கெடுத்தப்போ நீ என்னப்பா பண்ணினேன்னு கேட்டேன். தட்டைப் பார்த்துட்டு இருந்தேன்னான்."

நெஜிப் பின்வாங்கிச் சூளைச் சுவரில் முட்டிக்கொண்டான்.

"அவனை அன்னைக்கே மன்னிச்சுட்டேன்" என்றாள் ஹாஜ்ஜா. "கட்டினவளைக் காவு கொடுத்துட்டு அழறவன்மேல நான் என்னத்தைக் கோவப்பட. அவன் கணக்கைத் தீர்க்க அவ இருக்கா. உங்க கணக்கு வேற, டாக்டர். பெருநாள் கழியட்டும், நேர்ல வரேன். என் பையனும் வர்றான்."

போன் நின்றது.

நெஜிப் சூளைப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். மொக்தார் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொர்ரா வாயைத் திறந்தபடி இருந்தாள், ஆனால் இப்போது அது நூலால் இல்லை. வருஷம் முழுக்க அடுத்தவள் வீட்டில் தீ எரிவதை வேடிக்கை பார்த்தவளுக்கே முகம் வெளுத்துவிட்டது.

பெய்யா புருஷனைப் பார்த்தாள். ஆறு டாக்டர்கள் போனபோது, ராவும் பகலும் மொக்தாரைச் சபித்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து தோளைத் தடவிக்கொடுத்த கை எது? "விடு, கடவுள் பார்த்துப்பார்" என்று சொன்ன வாய் எது? லேப்பில்தான் தப்பு என்று மொக்தார் சொன்னாரே, அந்தப் பாவி பாதி நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

"பெய்யா" என்றான் நெஜிப். "அண்ணன் சொன்னார், அந்தம்மா மறுநாளே கேப் மாட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்பறாங்க, மறுபடி அளவெடுக்க நேரமில்லன்னு. சின்ன ஓட்டைதானேன்னு..."

"மூணு ஓட்டை."

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

கடிகாரம் மணியடித்தது.

மொக்தார் பெட்டியை மூடப் போனார். "இன்னிக்கு வேண்டாம். எல்லாரும் கொஞ்சம்..."

"நூலை எடுங்க மச்சான்" என்றாள் பெய்யா. அவள் குரலில் நடுக்கம் இல்லை. "ஈறு மூடிக்கும்."

"பெய்யா..."

"எடுங்க. ஒரு பல் எடுங்க, துடைங்க, காட்டுங்க. அடுத்தது எடுங்க. நான் திரையைப் பார்த்துச் சொல்றேன்."

அவர் எடுத்தார். ஈறு விலகி, விளிம்பு வெள்ளைக் கோடாக வெளியே நின்றது. ஸ்கேனர் நீல ஒளியில் ஒவ்வொரு பல்லாகச் சுற்றி வந்தது. பெய்யா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூணாவதுல பின்பக்கம் மறுபடி காட்டுங்க. துடைச்சுட்டு. ஆங். அடுத்தது." எட்டும் முடிந்தபோது திரையில் ஒரு ஓட்டைகூட இல்லை. இத்தனை சுத்தமான அளவை மொக்தார் தன் ஆயுசில் எடுத்ததில்லை.

அவள் தட்டை நீட்டினாள். அவர் பிளாஸ்டிக் பற்களை மனைவிக்கு மாட்டிவிட்டார். "நாளைக்கழிச்சு காலையில எட்டு மணிக்கு வாங்கக்கா. மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்கு முன்னாடி எட்டும் உட்கார்ந்திருக்கும்" என்றாள் பெய்யா. தொர்ரா முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தாள். பெய்யா கையை உருவிக்கொண்டாள்.

நெஜிப் வழக்கம்போலக் கணினி முன்னால் போய் உட்காரப் பார்த்தான். கேப்பை இன்றே கடைந்தெடுத்து, இரவு சூளையில் வைக்க வேண்டும். சூளையில் அது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி வெளியே வரும்போது நிஜப் பல்லின் அளவுக்கு வரும். பதினோரு வருஷமாக அந்த நாற்காலி அவனுடையது.

"அதுல உட்காராதே" என்றாள்.

அவன் நின்றான்.

"சூளைப் பக்கமும் போகாதே. இந்த எட்டையும் நானே செஞ்சுக்கறேன்."

"நான் எங்க போக, பெய்யா?"

"உங்கம்மா வீட்டுக்குப் போ. வெங்காயம் உரிக்க ஆள் வேணுமாம், காலையிலேர்ந்து ரெண்டு தடவை போன் வந்துச்சு." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பல்லின் விளிம்பில் கோடு வரைய ஆரம்பித்தாள். "நாளைக்கு மேஜையில உங்கண்ணன் பேசறதா இருந்துச்சு. அவர் ரெண்டாவது பேசட்டும்."

நெஜிப் வாசற்படியில் திரும்பினான். "முதல்ல யாரு?"

"இருபது பேர் இருப்பாங்க" என்றாள் பெய்யா, திரையைப் பார்த்தபடியே. "சத்தமாப் பேசு. தட்டைப் பார்த்துட்டுப் பேசாதே."